வெறும் பெயர்

புஜாங்-நிம் என்றால் துறைத் தலைவர்.
பதினோரு வருடம் அதுவே என் கணவரின் பெயர்.
ஓக்போ கப்பல் தளத்துக் காவலாளி முதல்
மீன் கடைக்காரி வரை,
ஒரு முறை போதையில் என் தம்பிகூட,
அப்படித்தான் கூப்பிட்டார்கள்.
மேங் தால்-சு என்பது
வங்கிப் புத்தகத்துக்குள் மடித்து வைத்த பெயர்.

கடிதத்தில் 'கௌரவ ஓய்வு' என்றிருந்தது.
கௌரவம் என்ற சொல் அச்சில் சற்றே மேடாக இருந்தது.
தடவிப் பார்த்தேன்.

வேலைவாய்ப்பு மையத்தில் ஒரு சின்னப் பெண்,
எங்கள் மகன் வயதுகூட இருக்காது,
"மேங் தால்-சு அவர்களே" என்றாள்.
மரியாதையாகத்தான் சொன்னாள்.
அவர் திரும்பிப் பார்த்தார்,
தனக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல.

மறுநாளிலிருந்து மலை.
ஏழு மணிக்குச் சோற்றுப் பெட்டி, கைத்தடி,
கண்ணை மறைக்கும் தொப்பி.
வார நாளில் இத்தனை ஆண்களா அங்கே என்று
ஒரே ஒரு முறை சொன்னார்.
ஒருவரும் ஒருவரையும் கூப்பிடுவதில்லையாம்.
என்னவென்று கூப்பிடுவது?
உச்சியிலிருந்து பார்த்தால் தளத்தின் பாரந்தூக்கி தெரியுமாம்.
"மஞ்சள்" என்றார்.
முப்பது வருடம் அதன் அடியில் நின்றவர்.

அறுவடைத் திருநாளில் அண்ணன் வீட்டில் கேட்டார்கள்:
"கம்பெனி எப்படிப் போகுது?"
"போகுது" என்றார்.
பொய்யில்லை. கம்பெனி போய்க்கொண்டுதான் இருக்கிறது.

அந்த வாரம்தான் பிரெபென் அழைத்தார்.
டென்மார்க்கில் எஸ்பியெர்க் ஊர்க்காரர், எஞ்சினியர்.
எண்ணெய்க் கிணற்று மேடை கட்டிய நான்கு வருடமும்
எங்கள் சமையலறையில் நண்டு தின்றவர்.
கூட்டத்தின் நடுவே, இளையவர்கள் முன்னால்,
"தால்-சு!" என்று வெறும் பெயரைக் கத்துவார்.
இவருக்குக் காது சிவந்துவிடும்.
வீட்டுக்கு வந்து சொல்வார்,
சட்டையைக் கழற்றின மாதிரி இருக்கு என்று.

திரையில் பிரெபென்
வெளியே மழை என்பதுபோலச் சொன்னார்:
எனக்கும் வேலை போயிற்று, ஆகஸ்டில்.
சங்கம் பணம் தருகிறது. தேனீ வளர்க்கப் படிக்கிறேன்.
கடைசி நாளில் நானே கேக் வாங்கிக்கொண்டு போனேன்.
"கேக்கா?" என்றார் இவர்.
"கேக்."
"இனி என்ன செய்யப்போகிறாய் என்று யாரும் கேட்கவில்லையா?"
"இங்கே யாரும் கேட்பதில்லை."
எதையோ தேடுவதுபோல மேசையைப் பார்த்துவிட்டு
மறுபடி சொன்னார்:
"யாருமே கேட்பதில்லை."
பிறகு, "சரி, தால்-சு" என்றார்,
பழைய அதே சத்தத்தில்.
காதைப் பார்த்தேன். சிவக்கவில்லை.
உலகத்தில் அந்த ஒரு குரலுக்குத்தான்
அவரைக் கூப்பிடும் விதத்தில்
எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

எனக்கு இது பழகிய துக்கம்.
இருபத்தாறு வருடத்துக்கு முன் ஒரு மதியம்
என் பெயரை யாரோ பத்திரமாக வாங்கி வைத்தார்கள்.
அப்புறம் மருமகள், வூ-ஜின் அம்மா,
புஜாங்-நிம் வீட்டம்மா.
அதற்குக் கடிதம் வரவில்லை.
தொப்பி வாங்கிக்கொண்டு மலை ஏறவும் தோன்றவில்லை.
அவரிடம் இதைச் சொல்ல இரண்டு முறை போனேன்.
இரண்டு முறையும் குனிந்து
ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

விசிட்டிங் கார்டு இரண்டு பெட்டி மிச்சம்.
பின்பக்கம் நல்ல வெள்ளை.
முள்ளங்கி, சோயா, குளியலறை பல்பு என்று எழுதி
கடைக்குக் கொண்டுபோகிறேன்.

நேற்று அரிசி களையும்போது
குழாயை முழுக்கத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன்:
தால்-சு.
கேட்டிருக்காது என்று இன்னொரு முறையும்.
கூடத்திலிருந்து, "என்ன?" என்றார்.
"ஒண்ணுமில்லை. அரிசி."
குழாயை மூடினேன்.
நாற்காலி நகரும் சத்தம்.